தீப்பெட்டி அளவு

காலை ஐந்தே முக்காலுக்கு
நீர்வேலிச் செம்பாட்டில் என் குரல் நடக்கும்.
எனக்கு அங்கே நடந்து பழக்கமில்லை.
மூன்றாம் மாடி, முட்டைத்தட்டு ஒட்டிய சுவர்,
ஒரு மைக், ஒரு சுடுதண்ணிப் போத்தல்.
பூசணியை நான் அறிந்தது
கறியாக மட்டும்.

அந்த வருசம் உரமில்லை, மருந்தில்லை.
மண்ணெண்ணெய்க்கு அடுக்கிய கான்கள்
ஆட்களில்லாமல் தாமே வரிசையில் நின்றன.
மாவுக்கு இன்னொரு வரிசை.
சோற்றுக்குப் பதிலாக எதை அவிப்பது என்று
ஊர் முழுக்கப் பூசணி நட்டிருந்தது.
நட்ட பூசணி இலையெல்லாம் வெள்ளை:
கடையில் இல்லாத மாவை
யாரோ தோட்டத்தில் தூவிவிட்டுப் போனதுபோல.

போதனாசிரியர் குகனேசன்
மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே தந்த துண்டு:
‘லீற்றருக்கு ஒரு தே.க. அப்பச்சோடா.’
மழை நனைத்த எழுத்து.
தே, எனக்கு மே ஆகத் தெரிந்தது.

மேசைக்கரண்டி என்றேன்.
அளவுகளை மூன்று தரம் சொல்லவேண்டும்,
அது எங்கள் நிகழ்ச்சியின் விதி.
மூன்று தரமும் தெளிவாகச் சொன்னேன்.
எண்ணெயில்லாத இறைப்பு மெசின்கள்
வாய்மூடிக் கிடந்தன.
முதன்முறையாக
என் சொல் ஒவ்வொன்றும்
கடைசிப் பாத்திவரை கேட்டது.

நான்காம் நாள் தொலைபேசி.
“தர்மபூபதி கதைக்கிறன், நீர்வேலி தெற்கு.
நீர் சொன்ன மாதிரி அடிச்சனான்.
வெள்ளை போட்டுது, பொய் சொல்லக்கூடாது.
இலையும் போட்டுது.”
கோபமில்லாத குரல்.
கோபித்திருந்தால் நான்
ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

அடுத்த விடியல் திருத்தம் வாசித்தேன்.
தேக்கரண்டி, தேக்கரண்டி, தேக்கரண்டி.
முந்தின இரவுதான் மண்ணெண்ணெய் வந்திருந்தது.
உரும்பிராயிலிருந்து அச்சுவேலிவரை
எல்லா மெசினும் ஒன்றாய்க் கத்தின.
பிழையைக் கேட்ட ஊருக்கு
திருத்தம் கேட்கவில்லை.

லொத்தர் சீட்டு விற்கும் றெஜினோல்ட்டின் ஓட்டோவில்
இரண்டு புனல் ஒலிபெருக்கி உண்டு.
பெற்றோலுக்குக் காசு கொடுத்து ஏறினேன்.
“நாளைய லட்சாதிபதி நீங்களாகவும் இருக்கலாம்”
என்று அவன் முடிக்கும் இடத்தில்
“ஒரு லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி” என்று
நான் தொடங்குவேன்.
இருபாலையில் ஒருவர் ஓடிவந்தார்,
சீட்டு வாங்க.
கோப்பாயில் நாய்கள் மட்டும் கவனித்தன.
தொண்டை கட்டி, நீர்வேலியில் குரல் உடைந்தபோது
ஒழுங்கை முகப்பில் ஒரு பெண்,
கையில் கருகிய இலை,
காகிதம்போல் சரசரத்தது.

நான் மன்னிப்பைத் தொடங்கமுன்
தர்மபூபதி கேட்டா:
“என்ரை தாங்கி பதினாறு லீற்றர்.
பதினாறு கரண்டி எண்ணிக்கொண்டு நிக்க
ஆருக்கு நேரம்?
கரண்டி குசினியிலை கிடக்கும்.
தோட்டத்துக்கு வாறது தீப்பெட்டிதான்,
சுருட்டுப் பத்திறவையிட்டைக் கேளும்.
தீப்பெட்டியாலை சொல்லும்.”

அன்றிரவு கஸ்தூரியார் வீதியில்
கடை பூட்டப்போன நகைக்காரரிடம் கெஞ்சி
நானும் குகனேசனும்
பொன் நிறுக்கும் தராசில்
அப்பச்சோடா நிறுத்தோம்.
அவர் சிரிக்கவில்லை.
அந்த வருசம் யாரும்
எதை நிறுத்தாலும் சிரிக்கவில்லை.

இப்போது நிகழ்ச்சி ஏழேகாலுக்கு.
இறைப்பு முடிந்து, மெசின் சூடாறி,
வரம்பில் தேத்தண்ணி வரும் நேரம்.
“தாங்கிக்கு மூன்று தீப்பெட்டி.
தலைதட்டி.
முதலில் ஒரு இலையில் அடித்து
ஒரு நாள் பொறுங்கள்.”
மூன்று தரம்.
மைக்குக்குப் பக்கத்தில் ஒரு வெறும் பெட்டி வைத்திருக்கிறேன்,
சொல்லும்போது தொட்டுக்கொள்ள.

முதல் அழைப்பு, புத்தூரிலிருந்து ஒரு பெடியன்:
“அக்கா, எந்த மார்க் தீப்பெட்டி?
எங்கடை கடையிலை இப்ப
சின்னப் பெட்டி வந்திருக்கு.”

நேயர்களே,
கொஞ்சம் பொறுங்கள்.